நான் வாசிச்ச நம்பர்

எடுத்துக்கிடுங்க தம்பி. அதிரசம் இருக்கு, முந்திரிக்கொத்து இருக்கு. தீவாளி அன்னைக்கு வெறும் வாயோட பஸ்ல உக்காந்து போறிய, பாக்க நல்லாவா இருக்கு. கூச்சப்படாதீங்க. எனக்குச் சக்கரை வியாதி, பல்லுல வைக்க முடியாது. எம் மக பகவதி செஞ்சது. கைப்பக்குவம் அப்படியே அவ அம்மை. பொட்டலத்தை நடுவுல வச்சிருக்கேன், டவுன் போய்ச் சேரதுக்குள்ள காலி பண்ணிருவோம்.

அந்தக் கண்டக்டரைப் பாத்தியளா. நல்ல நாளும் அதுவுமா டூட்டி. எனக்கு மனசு கேக்கல. டிக்கெட் கிழிக்கும்போது கேட்டேன், ஏம்ப்பா, கல்யாணம் ஆயிட்டான்னு. இன்னும் இல்லையாம். அப்பச் சரி. அப்ப இருக்கலாம், தப்பில்ல. பிள்ளகுட்டிக்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டு இந்த மாதிரி ஒத்தக் கட்டையைப் புடிச்சு நிறுத்தியிருக்கான்னா, அந்த டிப்போவுல எவனோ ஒருத்தன் வெவரமா யோசிச்சிருக்கான். அப்படி ஒரு ஆளு ஒவ்வொரு எடத்துலயும் வேணும் தம்பி. எங்க ஆலையில நான் இருந்தேன்.

இருந்தேன்னு சொல்லுதேன் பாருங்க. போன வாரம் வரைக்கும் இருக்கேன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதை மாத்துனது ஒரு பொம்பள. சண்முகவடிவுன்னு பேரு. வடிவு, வடிவும்பாவ காலனியில. அவளும் அவ புருஷன் குத்தாலிங்கமும். நாசமாப் போறதுக.

நான் யாருன்னு சொல்லலியே. நீங்க ஏறுன ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல புகைபோக்கி தெரிஞ்சுதுல்லா, அந்த சிமெண்டு ஆலையில ஸ்டோர்ஸ் பாத்தவன். ஸ்டோர்ஸ் அண்ணாச்சி வீடு எதுன்னு கேட்டா காலனி நாய்கூட வழி காட்டும். ரிட்டயர் ஆகி டவுன்ல வீட்டைக் கட்டிப் போயிட்டேன். ஆனா காலனி மனமகிழ் மன்றத்துச் சாவி என்கிட்டதான். வேற எவனுக்கும் அந்த அக்கறை கிடையாது. தினம் சாயந்திரம் பஸ் ஏறி வந்து, தெறந்து, கேரம் பலகைக்குப் பவுடர் போட்டு, பேப்பரை அடுக்கி, பூட்டிட்டுப் போவேன். யாருக்காக? இந்தச் சவத்துப் பயலுகளுக்காக.

மன்றத்துல ஒரு மிஷின் உண்டு. குண்டு மிஷின்னுதான் சொல்லுவோம். ஆலை கட்ட வந்த வெள்ளக்காரன் இஞ்சினியர்மாரு வெளயாடிட்டு, போகும்போது விட்டுட்டுப் போனது. சாஞ்ச மேசை, மேல கண்ணாடி, உள்ள ஸ்டீல் குண்டு. பக்கத்துல ரெண்டு பொத்தானு. அமுக்குனா உள்ள ரெண்டு கை மாதிரி அடிக்கும், குண்டு மேல ஓடி அங்கன இங்கன முட்டி மணி அடிக்கும். முட்ட முட்ட நம்பர் ஏறும். நம்பரு எதுல ஏறும்னா, நிமிந்து நிக்க பலகையில வரிசையாக் கண்ணாடி வச்சிருக்கு. உள்ள வாயு அடைச்ச கண்ணாடி. இப்ப உள்ள பல்பு மாதிரி கிடையாது. அடுப்புக் கங்கு நெறத்துல எழுத்து எரியும். புதுசுல அதைப் பாக்கணுமே.

இந்த மிஷினை வச்சு எங்ககிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சு. சிமெண்டுச் சூளையை நெனச்சா அணைக்க முடியாது தம்பி. தீவாளி, பொங்கல், கோயில் கொடை எதுவும் அதுக்குத் தெரியாது. சூளையைப் பாத்துக்கிட கண்ட்ரோல் ரூம்ல ஒருத்தன் உக்காந்தே ஆகணும். தீவாளிக்கு முந்தின ராத்திரி ஏறுனான்னா மறுநாள் மத்தியானம்தான் எறங்குவான். டபுள் ஷிப்டு. எண்ணெய்க் குளி கிடையாது, வெடி கிடையாது, பிள்ளைக மொகம் பாக்க முடியாது. யாரு நிக்கதுன்னு வருஷா வருஷம் அடிதடி. ஆபீஸர்மாரும் கை விட்டுட்டாவ. கடைசியில சூளைக்காரனுகளே பேசி ஒரு முடிவுக்கு வந்தானுக. தீவாளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எல்லாரும் மன்றத்துக்கு வரணும், ஆளுக்கு ஒரு ஆட்டம் குண்டு மிஷின் ஆடணும். எவன் நம்பரு எல்லாத்துலயும் கம்மியோ அவன் நிக்கணும். எதுத்துப் பேசக் கூடாது.

நல்ல வழக்கந்தான். ஆனா மிஷினுக்கு வயசாயிட்டு. நம்பரு மங்கிட்டே வந்துச்சு. மொதல்ல ஓரத்துக் கோடு போச்சு, பெறகு பாதி எழுத்து, பெறகு வெளக்கை அணைச்சாலும் தெரியாது. முக்காலி போட்டு ஏறி, ரெண்டு கையையும் கண்ணாடி மேல குவிச்சு உத்துப் பாத்தாதான் லேசாத் தெரியும். எல்லாவனும் முக்காலியில ஏறி மிஷினை உலுக்கிட்டான்னா? அதனால நாந்தான் ஏறுவேன். நாந்தான் பாப்பேன். பாத்து வாசிப்பேன், எல்லாரும் கேட்டுக்கிடுவானுக.

இப்பச் சொல்லுதேன், நல்லாக் கேளுங்க. தெரிஞ்சதை அப்படியே வாசிக்க ஒரு ஆளு எதுக்கு? அதை ஒரு ரேடியோப் பொட்டி செய்யும். நான் ஆளைப் பாத்து வாசிப்பேன். மூணு பிள்ளை பெத்தவன் ஒருத்தன், குண்டை எல்லாம் விட்டுட்டு மொகம் செத்து நிக்கான். அவனைக் கொண்டு சூளையில போடவா? கூடக் கொஞ்சம் போட்டு வாசிப்பேன். புதுசாக் கல்யாணம் ஆனவன், மாமனார் வீட்டுல தலைத் தீவாளிக்கு எல்லா ஏற்பாடும் பண்ணிக் காத்துக் கெடக்காவ. அவனைப் போடலாமா? அவனுக்கும் கூட்டி வாசிப்பேன். இது தர்மமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. எவனும் என்கிட்ட வந்து சொன்னதில்ல, நான் எவன்கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. நான் தனியா நின்னு பாத்துப் பாத்துச் செஞ்சது.

கம்மியா யாருக்கு வாசிச்சீகன்னு கேக்கிய. கேப்பியன்னு தெரியும். யாருக்காவது வாசிச்சுத்தானே ஆகணும்.

குத்தாலிங்கத்துக்கு.

அவன் நல்லா ஆடுவான், ஒத்துக்கிடுதேன். அவன் ஆடுனா மணி நிக்காது. ஆனா சின்ன வயசுலயே திமிரு புடிச்ச பய. என் வீட்டுக்காரி தங்கச்சியை அவனுக்குக் கேட்டோம். நல்ல குடும்பம், பெரிய எடம், நானே நேருல போய்க் கேட்டேன். வேண்டாம்னுட்டான். மொகத்துக்கு நேரா. பெறகு பாத்தா கடையநல்லூர்ப் பக்கம் போய் இந்த வடிவைக் கட்டிட்டு வாரான். டி.வி. ரிப்பேரு படிச்ச பொண்ணாம். என் கொழுந்தியாக்கு என்ன கொறச்சல்? டி.வி. ரிப்பேரு பாக்கத் தெரியாது, அம்புட்டுத்தான்.

அந்த வருஷந்தான் மொத மொத அவனுக்குக் கம்மியா வாசிச்சேன். அப்ப அவனுக்கும் தலைத் தீவாளிதான். ஆமா. இருந்தா என்ன? தலைத் தீவாளிங்கது ஒழுங்கா நடந்துக்கிட்டவனுக்கு. மாமனார் வந்து மன்றத்து வாசல்ல நின்னு கேட்டாவ, வேற ஆளு கிடையாதா அண்ணாச்சின்னு. மிஷின் சொன்னா சொன்னதுதான் பெரியவரேன்னு அனுப்பி வச்சேன்.

அதுக்குப் பெறகு அது ஒரு வசதியாப் போச்சு தம்பி. பொய் சொல்ல மாட்டேன். வருஷம் ஓடுது, அவுகளுக்குப் பிள்ளை இல்ல. பிள்ளை இல்லாத வீட்டுக்குத் தீவாளி எதுக்கு? வெடி வாங்கித் தான்னு அழ ஆளு உண்டா? புதுச் சட்டை போட்டுட்டு ஓட ஆளு உண்டா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இட்லி தின்னணும். அதுக்கு அவன் சூளைக்கு வந்தா ஒரு பிள்ளகுட்டிக்காரன் வீடு வெளங்கும். அதனால வருஷா வருஷம் அவனுக்கே வாசிச்சேன். மத்தவனுக கேக்கலியான்னா, எவன் கேப்பான். எல்லாவனுக்கும் காது உண்டு. மணி அடிக்கதும் கேக்கும், நான் வாசிக்கதும் கேக்கும். அவனவன் வீட்டுக்குப் போகணும்லா. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவானுக.

அவனும் கேட்டதில்ல. சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுச் சரி அண்ணாச்சின்னுட்டுப் போயிருவான். அவ மட்டும் வாசல்ல நிப்பா. இவுகளுக்கு எம்புட்டு வந்துச்சு அண்ணாச்சின்னு கேப்பா. நான் ஒரு நம்பரைச் சொல்லுவேன். அப்படியாம்பா. ஒரு வருஷம் மட்டும், இவுக கைக்கு இம்புட்டுத்தான் வருமான்னு ஒரு கேள்வி கேட்டா. பொம்பளகூட நின்னு நம்பரு பேசவா நான் அங்கன இருக்கேன்?

இன்னொண்ணு எடுங்க. அந்த முந்திரிக்கொத்தைத் தின்னு பாருங்க, மாவு கருகாம எப்படிப் பொரிச்சிருக்கா பாருங்க.

இந்த வருஷம் ஆடி மாசம்னு நெனைக்கேன். வடிவு மன்றத்துக்கு வந்தா. கையில ஒரு மீட்டர் பொட்டி. அண்ணாச்சி, அந்த நம்பர் கண்ணாடியை ஒரு தடவை கழட்டிப் பாக்கட்டுமா, செத்துப் போயிருக்காது, மங்கித்தான் இருக்கும், தெளிய வச்சிரலாம்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும். காலனியில பாதி வீட்டு டி.வி. அவ கையிலதான் ஓடுது, அந்தத் தெனாவெட்டு. நான் சொன்னேன், இது வெள்ளக்காரன் சாமான், கண்டவ கை வைக்க இது என்ன மிக்சியான்னு. அவ கோவிக்கல. சரி அண்ணாச்சின்னுட்டுப் போயிட்டா. கோவிக்காத ஆளைத்தான் நம்பக் கூடாது தம்பி.

அதுக்குள்ள எம் மக கல்யாணம் வந்துட்டு. மாப்ள வேற யாரும் இல்ல, அதே சூளையில வேலை பாக்க இசக்கிராஜா. தங்கமான பையன், சத்தம் போட்டுப் பேச மாட்டான். பத்திரிகை வைக்க, பந்தல் போடன்னு நான் அலையுதேன். மன்றத்துச் சாவியை லைப்ரரி பாக்க சாமிதாஸ்கிட்டக் குடுத்துட்டுப் போனேன். அவன் ஒரு பொசக்கெட்ட பய. வடிவு கேட்டிருக்கா, இவன் தெறந்து விட்டிருக்கான்.

என்ன செஞ்சாள்னு சாமிதாஸே என்கிட்டப் பெருமையாச் சொல்லுதான், என்னமோ அவன் பொண்டாட்டி செஞ்ச மாதிரி. மத்தியானம் மத்தியானம் வருவாளாம். கண்ணாடியை ஒவ்வொண்ணாக் கழட்டி மேசையில வைப்பாளாம். அந்த எழுத்து ஒவ்வொண்ணும் ஏழு கோட்டுல ஆனது. எரிஞ்சு எரிஞ்சு கோட்டு மேல உள்ளுக்குள்ள அழுக்குப் படிஞ்சிருமாம். கண்ணாடியை உடைச்சுத் தொடைக்க முடியாதுல்லா. அதனால ஒவ்வொரு கோட்டுக்கும் வழக்கமாப் போறதை விடக் கூடக் கரண்டு குடுத்து, கொஞ்ச நேரம் பளீர்னு எரிய விட்டு, அந்த அழுக்கை அதுவே எரிச்சுக்கிட வைக்காளாம். ரொம்பக் குடுத்தா கண்ணாடி போயிரும், கொறச்சுக் குடுத்தா அழுக்குப் போகாது. வேலை பாக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிடுவாளாம். ஒரு கையில ஏறுன கரண்டு மறு கையில எறங்குனா நெஞ்சு நின்னுருமாம். அப்படி உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கோடாத் தெளிய வச்சிருக்கா. யாரு கேட்டா இவளை? நான் கேட்டேனா?

கல்யாணம் முடிஞ்சு வந்து மன்றத்தைத் தெறக்கேன். சுவிட்சைப் போடுதேன். தம்பி, வாசல்ல நின்னே வாசிக்கலாம். வெள்ளக்காரன் காலத்துல எரிஞ்ச மாதிரியே எரியுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னைக் கேக்காம என் மிஷின்ல கை வைக்க இவ யாரு? கண்ணு கூசுதுன்னு சொல்லி ஒரு துணியைப் போட்டு மூடுனேன். தீவாளி ஆட்டம் வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாதுன்னுட்டேன்.

ஏன்னா இந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்துச்சு. ஊருக்கெல்லாம் தலைத் தீவாளி பாத்துப் பாத்து நடத்தி வச்சவன் நான். இப்ப எம் மகளுக்குத் தலைத் தீவாளி. மாப்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்தாச்சு, சொக்காரன், சொந்தக்காரன் எல்லாருக்கும் சொல்லியாச்சு, என் வீட்டுக்காரி மூணு வகை எண்ணெய் காய்ச்சி வச்சிருக்கா. இசக்கிராஜாவுக்கு மிஷின் ஆடவே வராது. பொத்தானை அமுக்கதுக்குள்ள குண்டு எறங்கிப் போயிரும். அதனால என்ன, வாசிக்கது நான்தானேன்னு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை எல்லாவனும் வந்தாச்சு. நான் முக்காலியைப் போட்டு, துணிக்குள்ள தலையை விட்டுப் பாத்து வாசிப்போம்னு ஏறப் போறேன். பின்னாலேருந்து வடிவு வந்தா. துணியை எடுத்தா, நாலா மடிச்சா, என் கையில குடுத்தா. குடுத்துட்டுப் போய்ச் சுவத்தோரம் நின்னுக்கிட்டா. அத்தனை ஆம்பளையும் பாத்துக்கிட்டு நிக்கான், ஒருத்தன் ஏன்னு கேக்கல.

ஒவ்வொருத்தனா ஆடுனான். நான் முக்காலி மேல நின்னு வாசிக்கேன். அவனுகளும் கீழ நின்னு என் கூடவே வாசிக்கானுக, எல்.கே.ஜி. பிள்ளைக மாதிரி. இசக்கிராஜா ஆடுனான். ரெண்டாயிரத்துச் சில்லறையோட முடிஞ்சு போச்சு. அது வரைக்கும் வந்ததுல அதுதான் கம்மி.

கடைசியில குத்தாலிங்கம். வழக்கம் மாதிரி மணி அடிக்க ஆரம்பிச்சுது. ஆயிரம் ஏறிட்டு, ரெண்டாயிரம் ஏறிட்டு. அப்ப அவன் தலையை நிமித்தி நம்பரைப் பாத்தான். பாத்தவன் பாத்துக்கிட்டே நிக்கான். இத்தனை வருஷம் ஆடுறான், ஆடும்போது அவன் நம்பரை அவன் பாத்ததே இல்லல்லா. குண்டு உருண்டு கீழ வருது, பொத்தானை அமுக்க மறந்துட்டான். எறங்கிப் போச்சு. கோட்டிக்காரன். பெறகும் ரெண்டு குண்டு பாக்கி இருந்துச்சு, ஆடுனான். நம்பரு ஏறுன ஏத்தத்துக்கு நான் அந்தக் கண்ணாடி பக்கத்துல நிக்கவே சூடா இருந்துச்சு. முடிஞ்சுது.

நான் வாசிச்சேன். சத்தமா வாசிச்சேன். ஆயிரத்து எண்ணூறுன்னு வாசிச்சேன்.

வாய்ப் பழக்கம் தம்பி. என்ன அப்படிப் பாக்கிய? அவன் ஆடி முடிச்சான்னா என் வாயில அதுதான் வரும். இத்தனை வருஷப் பழக்கம் ஒரு துணியை எடுத்துட்டா மாறிருமா. என் தலைக்குப் பக்கத்துல அடுப்புக் கங்கு மாதிரி வேற நம்பரு எரியுது, அதுல பாதிகூட நான் வாசிக்கல. எல்லாவனும் தரையைப் பாக்கான்.

அவ சுவத்தோரத்துலேருந்து சொன்னா. "அண்ணாச்சி, கண்ணாடியில வேற இருக்கே."

நான் சொன்னேன், மிஷின்ல நீ கை வச்ச பெறகு அது தப்பாக் காட்டுதுன்னு.

அப்பதான் குத்தாலிங்கம் வாயைத் தெறந்தான். "அப்ப போன வருஷம், அண்ணாச்சி?"

"போன வருஷம் மங்கலா இருந்துச்சு"ன்னேன். வேற என்ன சொல்ல? உண்மையைத்தானே சொன்னேன்.

அவன் என் பக்கம் திரும்புனான். அடிக்க வருவான்னுதான் நெனச்சேன். வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் ரெண்டு குடுத்திருப்பேன். வரல. கொக்கியில கெடந்த சட்டையை எடுத்து மாட்டுனான். மாட்டிக்கிட்டே சொல்லுதான், "மாப்ளைக்குத் தலைத் தீவாளி. அவரு போகட்டும். நான் நிக்கேன், எனக்குப் பழக்கந்தானே."

நியாயமான பேச்சு. நான் ஒத்துக்கிட்டேன். முடிஞ்சுது, எல்லாரும் போங்கன்னு முக்காலியை விட்டு எறங்கிட்டேன். வாசிச்சதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல பாருங்க, எப்பவும் நிக்கவந்தான் நிக்கான். அதோட விட்டிருந்தா இன்னைக்கு என் வீட்டுல தலைத் தீவாளி.

அவ விடல. புருஷன் பேசுன பெறகு பொம்பள பேசலாமா? பேசுனா. குரலை ஒசத்தக்கூட இல்ல.

"இவுக நிக்க வேண்டாம். கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு தீவாளிக்கும் நான் இவுக தலையில எண்ணெய் வச்சதில்ல. இந்த வருஷம் வைக்கணும்."

அம்புட்டுத்தான் சொன்னா. என்னைத் திட்டல, வருஷக் கணக்கைச் சொல்லல, போலீஸ், யூனியன்னு போகல. திட்டியிருந்தா நான் பதிலுக்கு அவ குலத்தையே இழுத்திருப்பேன். ஒரு எண்ணெயைச் சொல்லிட்டு நிக்கா. நான் குத்தாலிங்கத்தைப் பாக்கேன், ஏலே, ஆம்பளையா ஒரு வார்த்தை சொல்லுன்னு. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு இருந்தவன் பாதியில நிறுத்திட்டு அவளையே பாக்கான். அவன் கண்ணு கலங்கிட்டு. அந்த மூஞ்சியை நான் இதுக்கு முன்ன பாத்ததில்ல, எனக்கு அருவருப்பா இருந்துச்சு.

அப்ப பாத்து எம் மாப்ள முன்னால வாரான். "மாமா, எனக்குத்தான் கம்மி. நான் நிக்கேன், விடுங்க"ங்கான். நான் யாருக்காகப் பேசிக்கிட்டு இருக்கேன்? இவனுக்காக. இவன் என்னை நடுச்சபையில வச்சு விடுங்கங்கான்.

அன்னைக்கே சாவியைக் கேட்டானுக. கேக்கல, கேக்கதுக்கு எவனுக்கும் தைரியம் இல்ல. நானே மேசையில எறிஞ்சுட்டு வந்தேன். அண்ணாச்சி இருங்கன்னு ஒருத்தன் சொல்லுவான்னு காலனி கேட்டு வரைக்கும் மெதுவா நடந்தேன். மூணு பிள்ளை பெத்தவன், புது மாப்ளைமாரு, நான் கூட்டி வாசிச்சு வீட்டுக்கு அனுப்புனவன் எல்லாம் உள்ளதான் நின்னானுக. ஒருத்தன் வெளிய வரல. நன்றி கெட்ட மூதிக.

வீட்டுக்கு வந்து சொன்னா, என் வீட்டுக்காரி அடுப்பை அணைச்சுட்டு ஒரு கேள்வி கேட்டா. அப்ப அந்தப் பொண்ணுக்குத் தலைத் தீவாளி நடக்கவே இல்லையான்னு. எந்தப் பொண்ணுக்கு? வடிவுக்காம். சொந்த மக தீவாளி பாழாப் போச்சேன்னு நான் நிக்கேன், இவ ஊரான் வீட்டுத் தீவாளியைக் கேக்கா. அதுலேருந்து என்கிட்டப் பேச்சு இல்ல. இன்னைக்கும் உங்ககூட பஸ்ஸுல வர மாட்டேன், மத்தியானம் மாப்ள ஷிப்டு முடிஞ்சு வந்த பெறகு நான் தனியாப் போய்க்கிடுதேன்னு, அதையும் பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்லித்தான் அனுப்புதா.

அதனால நான் மட்டும் விடியதுக்கு முன்ன கெளம்பி, பட்டு வேட்டி, எண்ணெய், சீயக்காய் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுக் காலனிக்குப் போனேன். மக வாங்கி வச்சா. மாப்ள சூளையில நிக்க, தலைத் தீவாளி அன்னைக்கு ஒத்தையில உக்காந்திருக்கா, ஆனா அழல. எனக்காகக் காப்பி போட்டா. நான்தான் கேட்டேன், என் மேல கோவமாம்மான்னு. இல்லப்பான்னா. கொஞ்சம் பொறுத்து இந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில குடுத்தா. பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியிலதானே இருக்கு, வடிவு அக்கா வீட்டுல குடுத்துட்டுப் போங்கப்பா, நீங்களே உங்க கையால குடுங்கன்னா.

ஆமா தம்பி. இதே பொட்டலந்தான்.

போனேன். போகலன்னு சொல்லாதிய. மக சொன்னாளேன்னு அவுக வீட்டு கேட்டு வரைக்கும் போனேன். மணி பத்துக்கு மேல, வெயில் சுள்ளுன்னு அடிக்குது. ஊரு உலகமெல்லாம் விடியுமுன்ன எண்ணெய் தேச்சுக் குளிச்சு, வெடி போட்டு, தின்னு முடிச்சு, ரெண்டாம் தூக்கம் தூங்குது. இவுக வீட்டு முத்தத்துல அவன் ஒரு பலகையைப் போட்டு உக்காந்திருக்கான். இடுப்புல ஒரு துண்டு. கண்ணை மூடிக்கிட்டான். அவ பின்னால நின்னு தலையில எண்ணெயைத் தேய்க்கா, தேய்க்கா, தேச்சுக்கிட்டே இருக்கா. அவசரமே இல்ல. பாதி நரைச்ச தலை. அதுல என்னத்தை அம்புட்டு நேரம் தேய்க்க? பக்கத்துல புதுத்துணி மஞ்சள் தடவி வச்சிருக்கு, ஒரே ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியும் வச்சிருக்கு. பிள்ளை இல்லாத வீட்டுல மத்தாப்பு எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க.

நான் கேட்டுக்கு வெளிய நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். அதுக ரெண்டும் என்னைப் பாக்கல. அண்ணாச்சி வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆளு இல்ல. கூப்பிடாத வீட்டுல நான் எதுக்குக் கேட்டைத் தெறக்கணும்? என் மானம் என்ன ஆகும்? திரும்பிட்டேன். பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்.

மககிட்டக் குடுத்துட்டேன்னு சொல்லிக்கிடலாம். அவ போய்க் கேக்கவா போறா? குடுத்திருந்தாலும் அந்த ரெண்டு பேரும் இம்புட்டையும் தின்னவா போகுது. உங்களை மாதிரி ஒரு வழிப்போக்கர் தின்னா எனக்காவது புண்ணியம்.

டவுன் வந்துட்டு தம்பி. ஏன் அதிரசத்தைப் பாதியில கையில வச்சுக்கிட்டு இருக்கிய? தின்னுங்க. நல்லாத்தானே இருந்துச்சு.